ஃபெட்ச் செய்த தரவு பக்கத்தில் தோன்றாதபோது: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

மொரீஷியசின் கத்ர் போர்ன் பகுதியில் உள்ள எங்கள் கோவிலுக்கு ஒரு சிறு வலைப்பக்கம் உண்டு. விழா நாள்கள், அன்னதானப் பொறுப்பாளர் பட்டியல், பால்குடப் பதிவுப் படிவம் ஆகிய மூன்றும் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சர்வரோடு, தரவைக் கேட்கவும் அனுப்பவும் உதவும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் என்னும் கட்டளை வழியாகப் பேசுகின்றன. ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும் அந்தப் பக்கம், தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய பிறகுதான் பலராலும் திறக்கப்படும்; மறைந்திருந்த பழுதுகளும் அந்தப் பத்து நாள் விரதக் காலத்தில்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். பராமரிப்புப் பொறுப்பை மாறி மாறி ஏற்கும் தொண்டர்களுக்காக எழுதி வைத்த குறிப்புகளை, இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் சிவப்பாகத் தெரியும் வரியிலிருந்து தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். ஆனால் நிரல் எந்த வரியில் விழுந்தது என்பதை மட்டுமே கன்சோல் சொல்லும். கோரிக்கை புறப்பட்டதா, விடை வந்ததா, வந்த விடையின் நிலை எண் (200, 404, 500 போன்றது) என்ன, அதனுள்ளே உண்மையில் என்ன இருந்தது என்பவற்றை நெட்வொர்க் பகுதிதான் காட்டும். இந்த நான்கில் எது பொய்த்தது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறுகிவிடும்.

நெட்வொர்க் பட்டியலில் கோரிக்கையே இல்லை

சர்வரைக் குறை சொல்வதற்கு இங்கே இடமில்லை. நிரல் ஃபெட்ச் வரைக்கும் போகவே இல்லை. அதற்கு முந்தைய வரி ஒன்றில் பிழை நிகழ்ந்திருக்கலாம், அல்லது பொத்தான் பக்கத்தில் உருவாவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடி, இல்லாத பொத்தானைத் தேடித் தோற்றிருக்கலாம். ஸ்கிரிப்டுக்கு டிஃபர் என்னும் குறிப்பைச் சேர்த்தால் இரண்டாவது வகை தீர்ந்துவிடும். பட்டியலுக்கு மேலே உள்ள வடிகட்டி படங்களை மட்டும் காட்டும்படி விடப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

கோரிக்கை தோன்றிய உடனே ‘கேன்சல்டு’ என்று மாறிவிடுகிறது

பெரும்பாலும் படிவங்களில் நிகழ்வது இது. பதிவு செய்யும் பொத்தானை அழுத்தியதும் நம் நிரல் கோரிக்கையை அனுப்புகிறது. அதே நொடியில் உலாவி தன் பழைய வழக்கப்படி படிவத்தைத் தானே சமர்ப்பித்துப் பக்கத்தை மாற்றுகிறது. பக்கம் போனால் அதன் கோரிக்கைகளும் உடன் போய்விடும். சமர்ப்பிப்பு நிகழ்வைக் கையாளும் செயற்கூற்றின் முதல் வரியிலேயே அந்த வழக்கத்தைத் தடுக்கும் பிரிவென்ட்-டிஃபால்ட்டை அழைத்துவிட வேண்டும். பக்கம் மாறும்போது பட்டியல் அழிந்துவிடுவதால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போகலாம். நெட்வொர்க் பகுதியில் உள்ள ‘பிரிசர்வ் லாக்’ என்பதைத் தெரிவு செய்து வைத்துக்கொண்டால் தடயம் நிற்கும்.

‘ஃபெயில்டு டு ஃபெட்ச்’

குரோம் இப்படிச் சொல்வதையே சஃபாரி ‘லோட் ஃபெயில்டு’ என்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் நெட்வொர்க் எரர் என்று தொடங்கும் சற்று நீண்ட வாசகத்தைத் தருகிறது. மூன்றுமே காரணம் சொல்லாத செய்திகள். இணைப்பு அறுந்தாலும், டொமைன் பெயர் தவறானாலும், சான்றிதழ் காலாவதியானாலும், விளம்பரத் தடுப்பான் இடைமறித்தாலும், வேறு இடத்துச் சர்வரின் விடையைப் பக்கம் படிப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் (CORS) விதி தடுத்தாலும் நிரலின் கையில் கிடைப்பது ஒரே டைப் எரர்தான். பாதுகாப்புக்காகவே உலாவி நிரலிடம் உண்மைக் காரணத்தை மறைக்கிறது. ஆகவே பிழைச் செய்தியை நிரலுக்குள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். கன்சோலில் உலாவி தன் சார்பாக எழுதும் தனி வரியைத்தான் படிக்க வேண்டும்.

அந்த வரியில் ‘நேம் நாட் ரிசால்வ்டு’ என்றிருந்தால் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறது, அல்லது உங்கள் இணைப்பே போய்விட்டது. ‘பிளாக்டு பை கிளையன்ட்’ என்றிருந்தால் உலாவியில் சேர்க்கப்பட்ட தடுப்பான் ஒன்றின் வேலை. நன்கொடை தந்த கடைகளின் பட்டியலைத் தரும் கோப்புக்கு விளம்பரம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை நான் சூட்டியிருந்தேன். சிலருடைய கணினியில் மட்டும் அந்தப் பகுதி வெறுமையாக இருந்ததற்கு அதுதான் காரணம். பெயரை மாற்றியதும் சரியாயிற்று.

‘மிக்ஸ்டு கன்டென்ட்’ என்ற சொல் தென்பட்டால், எச்.டி.டி.பி.எஸ். வழியாக வந்த பக்கம் பாதுகாப்பற்ற எச்.டி.டி.பி. முகவரிக்குக் கோரிக்கை அனுப்புகிறது என்று பொருள். உலாவி அதை அனுமதிப்பதில்லை. சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. வீட்டில் ஓடியது வெளியிட்ட பிறகு ஓடாமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

கன்சோல் வரியில் ‘கோர்ஸ்’ என்ற சொல் வருகிறது

இதற்குச் சற்று அதிக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தொண்டர்களின் மாலைப் பொழுதுகளை அதிகமாக விழுங்கியது இதுதான்.

ஒரு பக்கத்தின் மூலம் (ஆரிஜின்) என்பது முகவரித் தொடக்கம் (எச்.டி.டி.பி. அல்லது எச்.டி.டி.பி.எஸ்.), டொமைன், போர்ட் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மூன்றில் ஒன்று மாறினாலும் உலாவிக்கு அது அயலிடம்தான். உங்கள் பக்கம் 5500 போர்ட்டிலும் சர்வர் 3000 போர்ட்டிலும் ஒரே கணினிக்குள் ஓடினாலும் அவை வேறுவேறு மூலங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுவதும் 127.0.0.1 என்று எழுதுவதும்கூட வேறுவேறு. கோப்பை இரு முறை சொடுக்கி நேரடியாகத் திறந்தால் பக்கத்தின் மூலம் ‘நல்’ (null, அதாவது எதுவுமில்லை) என்றே கருதப்படுவதால், பயிற்சிக்கும் ஒரு சிறிய உள்ளூர் சர்வரை ஓட்டியே பக்கத்தைத் திறக்க வேண்டும்.

அயல் மூலத்திலிருந்து வந்த விடையைப் பக்கத்துக்குக் கொடுக்கலாமா என்பதைச் சர்வர்தான் அக்சஸ்-கன்ட்ரோல்-அலோ-ஆரிஜின் என்னும் ஹெட்டரில், அதாவது விடையின் தலைப்பில் வரும் குறிப்பில், சொல்ல வேண்டும். அந்த அனுமதியைப் பக்கத்தின் நிரலில் எழுத இயலாது. விருந்தாளி தனக்குத் தானே அழைப்பிதழ் எழுதிக்கொள்வது போன்றது அது. இதே காரணத்தால்தான் போஸ்ட்மேன் போன்ற கருவிகளில் ஒழுங்காக வரும் விடை உலாவியில் மட்டும் தடைபடுகிறது: விதியைக் காப்பது உலாவி, அந்தக் கருவிகளுக்கு அந்த விதி இல்லை. மோட் என்பதற்கு நோ-கோர்ஸ் என்று கொடுத்தால் பிழைச் செய்தி மறையும் என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும் விடையின் எண் 0 ஆகவும் உள்ளடக்கம் படிக்க இயலாததாகவும் இருக்கும். நோயை விட்டு முனகலை அடக்கும் வைத்தியம் அது. தரவு வேண்டுமென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால் ஹெட்டரின் மதிப்பை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தாலும் பொருந்தாது. நிரலும் அதற்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸி என்னும் இடைச் சர்வரும் ஆளுக்கொரு முறை ஹெட்டரைச் சேர்த்து அது இரட்டித்தாலும் உலாவி மறுத்துவிடும். குக்கியுடன் கோரிக்கை போகிறதென்றால் நட்சத்திரக் குறி செல்லாது. மூலத்தின் பெயரையே முழுதாகத் தர வேண்டும்.

ஜேசன் (JSON) என்னும் உரை வடிவில் தரவை அனுப்பும்போதும், ஆத்தரைசேஷன் போன்ற ஹெட்டர்களைச் சேர்க்கும்போதும், உண்மையான கோரிக்கைக்கு முன்னால் ஆப்ஷன்ஸ் என்னும் வகையில் ஒரு முன்கேள்வியை உலாவி அனுப்புகிறது. அதில் குக்கியோ அடையாளச் சீட்டோ இருக்காது. ‘முதலில் உள்நுழையவும்’ என்று சர்வர் அதற்கு 401 கொடுத்தாலும், அந்த வகையையே அறியாமல் 405 கொடுத்தாலும், வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பினாலும், உண்மையான கோரிக்கை புறப்படுவதே இல்லை. நெட்வொர்க் பட்டியலில் போஸ்ட் கோரிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது புரியாது. அதனுடன் சேர்ந்து தோன்றும் ஆப்ஷன்ஸ் வரியையும் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கோர்ஸ் என்று உலாவி சொன்னாலும் பழுது கோர்ஸில் இல்லாமல் இருக்கலாம். சர்வரின் நிரல் நடுவில் முறிந்து 500 கொடுக்கும்போது, அந்தப் பிழைப் பக்கத்தில் அனுமதி ஹெட்டர் இருப்பதில்லை. உலாவிக்குக் கண்ணில் படுவது ஹெட்டர் இல்லாமைதான், அதையே அது அறிவிக்கிறது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாறியிருந்த ஒரு சமயத்தில் இரண்டு மாலைகள் முழுவதும் ஹெட்டர்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். நேற்றுவரை ஓடிய பக்கம் இன்று திடீரென்று கோர்ஸ் பிழை காட்டினால், சர்வரின் பதிவேட்டை முதலில் படியுங்கள்.

சர்வர் 404 அல்லது 500 கொடுத்தும் பிழைப் பகுதி ஓடவில்லை

பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகங்களுக்குப் பழகியவர்கள் இதில் வியப்படைவார்கள். ஃபெட்ச்சைப் பொறுத்தவரை ஒரு விடை வந்து சேர்ந்தாலே அது வெற்றி. அந்த விடை ‘இல்லை’ என்று சொல்கிறதா என்பது அதன் கவலை அன்று. ஆகையால் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியை எவ்வளவு கவனமாக எழுதினாலும் 404 அங்கே வராது. விடை கிடைத்ததும் அதன் ‘ஓகே’ பண்பு உண்மையா என்று பார்த்து, இல்லையென்றால் எண்ணையும் முகவரியையும் சேர்த்து நீங்களே ஒரு பிழையை எறிய வேண்டும். இதை ஒரே ஒரு செயற்கூறாக எழுதி எல்லா இடத்திலும் அதையே அழைப்பதுதான் என் வழக்கம்.

‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று தொடங்கி, சிறிய கோணக் குறியைக் காட்டும் பிழை

ஜேசன் எதிர்பார்த்த இடத்தில் எச்.டி.எம்.எல். பக்கம் ஒன்று வந்திருக்கிறது. கோணக் குறி அதன் முதல் எழுத்து. எந்தப் பக்கம் வந்தது என்பதை நெட்வொர்க் பகுதியில் உள்ள ரெஸ்பான்ஸ் பெட்டியில் அப்படியே படித்துவிடலாம். உள்நுழைவுப் பக்கமாக இருந்தால் அமர்வு முடிந்துவிட்டது. ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பாக இருந்தால் முகவரி தவறு: முகவரியின் முதலில் சாய்கோடு இல்லாதபோது அது இப்போது இருக்கும் பக்கத்தின் அடைவிலிருந்து எண்ணப்படுவதால், முகப்புப் பக்கத்தில் வேலை செய்யும் வரி உட்பக்கத்தில் தவறிப்போகும். உணவகம், விமான நிலையம் போன்ற இடங்களின் இலவச வைஃபையில் அவற்றின் வரவேற்புப் பக்கமே விடையாக வந்து நிற்பதும் உண்டு.

ஜேசன் ‘எதிர்பாராமல் முடிந்துவிட்டது’ என்ற பொருளில் பிழை வந்தால் உள்ளடக்கமே வெறுமை. பதிவை நீக்கும் கோரிக்கைக்குச் சர்வர் 204 (உள்ளடக்கம் இல்லை) கொடுப்பது முறையானது. அந்த விடையில் ஜேசனைத் தேடுவதுதான் முறையற்றது. ஒரே விடையை இரண்டு முறை படிக்க முயன்றால், அதாவது சோதனைக்காக டெக்ஸ்ட் என்று ஒரு முறையும் ஜேசன் என்று மறு முறையும் எடுத்தால், ஏற்கெனவே படிக்கப்பட்டது என்ற பிழை வரும். முதலில் டெக்ஸ்ட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஜேசன் பார்ஸிடம் கொடுங்கள்.

பக்கத்தில் ‘ஆப்ஜெக்ட் பிராமிஸ்’ அல்லது ‘அன்டிஃபைன்டு’ என்று தெரிகிறது

விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் எங்கோ விடுபட்டிருக்கிறது. ஃபெட்ச்சுக்கு ஒன்று, ஜேசனுக்கு ஒன்று என இரண்டு அவெய்ட் தேவை. இரண்டாவதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள். ஃபார்-ஈச்சுக்குள் அவெய்ட் போட்டால் வெளியே உள்ள நிரல் காத்திருக்காது. ஃபார்-ஆஃப் சுற்றையே பயன்படுத்த வேண்டும்.

சர்வருக்குப் போய்ச் சேர்வது வெறுமையாக இருக்கிறது

பொருளை ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை வழியாகச் சரமாக்காமல் அப்படியே பாடியில் வைத்தால் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்ற சொல்தான் போகும். சரமாக்கிய பிறகும் சர்வர் வெறுமை என்றால், கன்டென்ட்-டைப் ஹெட்டர் விடுபட்டிருக்கும். ஃபார்ம்-டேட்டாவை அனுப்பும்போது மட்டும் இதற்கு நேர்மாறு: அங்கே அந்த ஹெட்டரை நீங்கள் எழுதவே கூடாது, ஏனெனில் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் குறியை உலாவிதான் அறியும்.

ஊர்ப்பெயர்கள் சிதைந்து வருகின்றன

எபேன், ரிவியேர் தேஸாங்கி போன்ற நம் ஊர்ப்பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதும்போது மேற்குறி இட்ட எழுத்துகள் வரும். பழைய விரிதாளிலிருந்து எடுத்த கோப்பில் அவ்வெழுத்து ஒரே பைட்டாக இருக்கும், யூ.டி.எஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் அது இரண்டு பைட். டெக்ஸ்ட், ஜேசன் ஆகிய இரு வழிகளும் ஹெட்டரில் என்ன எழுதியிருந்தாலும் யூ.டி.எஃப்-8 என்றே கொண்டு படிப்பதால், பழைய கோப்பில் அந்த எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். கோப்பை மாற்றிச் சேமிப்பதே நல்ல வழி. அது இயலாதபோது அர்ரே-பஃபராக எடுத்து, டெக்ஸ்ட்-டிகோடருக்குச் சரியான குறியீட்டு முறையின் பெயரைக் கொடுத்துப் படிக்கலாம்.

தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘நி’ என்ற ஒரே எழுத்து யூனிக்கோடில் இரண்டு குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் ஆறு பைட். நீண்ட விடையைத் துண்டு துண்டாகப் படிக்கும் நிரலில் ஒரு துண்டு ஒரு குறியின் நடுவே முடிந்தால் எழுத்து உடைந்துவிடும். டிகோடருக்கு ‘ஸ்ட்ரீம்’ என்ற தெரிவைக் கொடுத்தால் அது மிச்சப் பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை கையில் வைத்திருக்கும். தேடல் சொல்லை முகவரியில் சேர்க்கும்போது தமிழ் எழுத்துகளை உலாவி தானே மாற்றிக்கொள்கிறது; ஆனால் ‘&’, ‘#’, ‘+’ ஆகிய குறிகளை மாற்றாது. யூ.ஆர்.எல்-சர்ச்-பேராம்ஸ் வழியாக முகவரியைக் கட்டுவதே பாதுகாப்பானது.

விழா நாள் ஒன்று முந்திக் காட்டுகிறது

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11 அன்று வந்தது. படிவத்தில் அந்த நாளைத் தெரிவு செய்து, உள்ளூர் நள்ளிரவாக ஒரு டேட்டை உருவாக்கி, டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் வழியாகச் சர்வருக்கு அனுப்பினால், அங்கே போய்ச் சேர்வது பிப்ரவரி 10, 20 மணி. மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யைவிட 4 மணி முந்தியது என்பதால் நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை. மறுதிசையிலும் தவறு உண்டு: ‘2025-02-11’ என்ற சரத்தை டேட்டிடம் நேராகக் கொடுத்தால் அது யூ.டி.சி. நள்ளிரவு என்று கொள்ளப்படும். நமக்கு அது அதே நாளின் காலை 4 மணி என்பதால் குறை தெரியாது. மொன்ட்ரியாலில் இருக்கும் உறவினருக்கோ 10ஆம் தேதி மாலை 7 மணி. ‘காவடி என்றைக்கு?’ என்று அங்கிருந்து தொலைபேசி வந்த பிறகே எங்களுக்கு இது தெரிந்தது.

நேரமற்ற நாளை நாளாகவே, அதாவது சரமாகவே, இரு பக்கமும் வைத்துக்கொள்ளவும். காட்டுவதற்கு டேட் தேவையென்றால் ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துக் கொடுக்கவும். மாதம் 0-இலிருந்து எண்ணப்படுவதை மறக்க வேண்டாம். எப்போதும் 4 மணியைக் கூட்டிக்கொள்வோம் என்று குறுக்கு வழி எழுதுவதும் சரியன்று: 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை இந்தத் தீவிலும் கோடைக்கால நேரம் நடைமுறையில் இருந்தது, பழைய விழாப் பட்டியலை ஏற்றும்போது அந்த மாதங்களில் கணக்குப் பிசகும்.

சுழலும் வட்டம் நிற்பதே இல்லை

ஃபெட்ச்சுக்குத் தனக்கென ஒரு காலக்கெடு கிடையாது. உலாவி கைவிடுவதற்கு நிமிடங்கள் ஆகும். புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாள்களில் கைப்பேசி இணைப்பு அறுந்தும் ஒட்டியும் இருக்கும்போது இது நன்றாகத் தெரியும். கோரிக்கையை நிறுத்தச் சொல்லும் அபார்ட்-சிக்னலின் டைம்அவுட்டை 10 நொடிக்கு வைத்துக் கொடுத்து, டைம்அவுட் எரர் வந்தால் ‘மீண்டும் முயல்க’ என்ற பொத்தானைக் காட்டுங்கள். நேவிகேட்டரின் ஆன்லைன் பண்பை நம்ப வேண்டாம். வைஃபையோடு இணைந்திருந்தாலே அது ‘ஆம்’ என்றுவிடும், அதற்கு அப்பால் கம்பி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பதிவுப் படிவத்தை மட்டும் தானாக மறுமுறை அனுப்ப விடாதீர்கள்: விடை வராமல் போனாலும் முதல் கோரிக்கை சர்வரை அடைந்திருக்கலாம், ஒரே குடும்பத்துக்கு இரண்டு பால்குடம் பதிவாகிவிடும்.

நிற்காமல் சுழல்வது வேறு, மெதுவாக நிற்பது வேறு. பாரிசுக்கும் நமக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், போய் வரவே குறைந்தது நொடியின் பத்தில் ஒரு பங்கு ஆகும், கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதால் அதற்கும் மேல் ஆகும். பன்னிரண்டு கோவில்களின் பட்டியலை ஒன்றன்பின் ஒன்றாக அவெய்ட் செய்து எடுத்தால், சர்வர் எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் ஒரு நொடிக்கு மேல் கடலிலேயே கழிந்துவிடும். ஒன்றையொன்று சாராத கோரிக்கைகளை ஒருசேர அனுப்புங்கள். அவை எல்லாவற்றுக்கும் காத்திருக்கும் பிராமிஸ்-ஆல், ஒன்று தவறினாலும் முழுவதையும் தவறாக்கிவிடும். ஆல்-செட்டில்டு வந்தவற்றைத் தரும். முன்கேள்வியும் ஒரு கடல் பயணமே. அக்சஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ் ஹெட்டரைச் சர்வர் தராவிட்டால் அதன் விடை 5 நொடிதான் நினைவில் இருக்கும். 7200 என்று கொடுத்தால் குரோம் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் கேட்டாலும் தராது.

பழைய தரவே திரும்பத் திரும்ப வருகிறது

நெட்வொர்க் பகுதியில் அளவு காட்டும் இடத்தில் ‘டிஸ்க் கேஷ்’ (உலாவி முன்பே சேமித்து வைத்தது) என்றிருந்தால் கோரிக்கை கடலைத் தாண்டவில்லை; ஃபெட்ச்சுக்கு கேஷ் தெரிவாக நோ-ஸ்டோர் கொடுத்துப் பாருங்கள். ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்றிருந்தால் முன்பு யாரோ நிறுவிய ஸ்கிரிப்ட் இடையில் நின்று விடை சொல்கிறது. அப்ளிகேஷன் பகுதியில் அதை நீக்க வேண்டும்.

தேடல் பெட்டியில் ஒன்றைத் தட்டினால் வேறொன்றின் விடை வருகிறது

‘மு’ என்று தட்டியதற்கும் ‘முருகன்’ என்று தட்டியதற்கும் தனித்தனிக் கோரிக்கைகள் போகின்றன. முன்னே போனது பின்னே வந்து சரியான பட்டியலின் மேல் எழுதிவிடுகிறது. சொந்தக் கணினியில் சர்வரை வைத்துச் சோதித்தால் இது தோன்றவே தோன்றாது, ஏனெனில் அங்கே விடைகள் வரிசை தப்புவதற்கு நேரமே இல்லை. நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து வைத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு புதுத் தேடலுக்கும் ஒரு புதிய அபார்ட்-கன்ட்ரோலரை உருவாக்கி, பழையதை ரத்து செய்த பிறகே அடுத்ததை அனுப்புங்கள். ரத்தானது அபார்ட் எரர் என்ற பெயரில் கேட்ச் பகுதிக்கு வரும். அதைப் பயனருக்குப் பிழையாகக் காட்டாமல் பேசாமல் விட்டுவிட வேண்டும்.